சரியாகத்தான் ஓடுகிறது, வேலைதான் ஆகவில்லை

எங்கள் தொழிலில் நான் அதிகம் நம்பும் ஆள் கிருஷ்ணமூர்த்தி. புதிதாக ஒரு தளம் சோதனைக்கு வந்தால் பெயர்க் கட்டத்தில் முதலில் அவரைத்தான் உட்கார வைப்பேன். கண்ணுக்கு அவர் 8 எழுத்து. கணினிக்கு அப்படி இல்லை. யூனிகோடில் இகரக் குறி, உகரக் குறி, புள்ளி எல்லாவற்றுக்கும் தனித்தனிக் குறியீடு உண்டு. ஆக மொத்தம் 15. யூடிஎஃப்-8 முறையில் சேமித்தால் குறியீட்டுக்கு 3 பைட் வீதம் 45 பைட். ஆங்கிலத்தில் இதே பெயர் 13 பைட்டில் அடங்கிவிடும். டேட்டாபேஸ் வடிவமைத்தவர் ஆங்கிலப் பெயர்களையே பார்த்துப் பழகியவர். 'பெயருக்கு 30 பைட் தாராளம்' என்று எழுதிவிட்டுப் போயிருப்பார். அட்டை அச்சாகி வரும்போது கிருஷ்ணமூர்த்தி 'கிருஷ்ணமூர' ஆகியிருப்பார்.

வெட்டுப்பட்ட பெயர் கண்ணுக்குத் தெரிகிற கோளாறு. தெரியாத ரகம் ஒன்று உண்டு. கொடைக்கானலின் 'கொ'வை யூனிகோடில் இரண்டு விதமாக வைக்கலாம்: ஒகரக் குறி முழுவதையும் ஒரே குறியீடாக, அல்லது ஒற்றைக் கொம்பு ஒன்று, கால் ஒன்று என்று இரண்டாக. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே நிற்கும். தேடும் புரோகிராமுக்கு இரண்டும் வேறு வேறு. ஒருவர் ஒரு விதமாகப் பதிந்ததை இன்னொருவர் மற்ற விதமாகத் தட்டித் தேடினால், இருக்கிற ஊரே இல்லை என்று பதில் வரும். இதற்காவது யூனிகோடே வழி வைத்திருக்கிறது. பதியும் நேரத்தில் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடலாம். 'ஸ்ரீ'க்கு அந்த வழியும் கிடையாது. 2005-இல் 'ஶ' என்ற எழுத்துக்குத் தனி இடம் கொடுத்தார்கள். 'ஸ்' போட்டு எழுதிய ஸ்ரீயும் 'ஶ்' போட்டு எழுதிய ஸ்ரீயும் பெரும்பாலான எழுத்துருக்களில் ஒரே முகம் காட்டும். உள்ளே ஒட்டவே ஒட்டாது. இரண்டும் ஒன்றுதான் என்று புரோகிராமுக்குத் தனியாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும். ஸ்ரீரங்கம், ஸ்ரீவில்லிபுத்தூர், ஸ்ரீபெரும்புதூர் என்று மூன்று ஊரையும் இரண்டு விதமாகவும் தேடிப் பார்க்காமல் தமிழ்த் தளம் எதற்கும் நான் சம்மதம் சொல்வதில்லை.

அடுத்தது இனிஷியல். உலகத்தில் எல்லோருக்கும் குடும்பப் பெயர் உண்டு என்று நம்புகிறவர்கள் எழுதிய படிவத்தில் 'லாஸ்ட் நேம்' கட்டாயம், குறைந்தது இரண்டெழுத்து. நம்மவர் ஆங்கிலத்தில் 'S' என்று ஒற்றை எழுத்துப் போடுவார். 'சரியான பெயரைத் தரவும்' என்று சிவப்பில் வரும். சரி என்று அப்பா பெயரை முழுதாகப் போட்டால், அடுத்த திரையில் ஆதாரில் உள்ள பெயரோடு பொருந்தவில்லை என்று நிற்கும். பிழை எங்கே என்று அந்த மனிதருக்கு யாரும் சொல்லமாட்டார்கள். தன் பெயரே தப்போ என்று அவர் யோசிக்க ஆரம்பித்துவிடுவார்.

டைடல் பார்க் திறந்து சில ஆண்டுகள் கழித்து நான் இந்த வேலைக்கு வந்தேன். அப்போது சென்னையில் டெஸ்டிங் என்றால் புரோகிராம் எழுத வராதவர்களை ஒதுக்கி உட்கார வைக்கும் இடம் என்றுதான் பேச்சு. பயிற்சியில் கிளென்ஃபோர்ட் மையர்ஸ் 1979-இல் எழுதிய புத்தகத்திலிருந்து ஒரு கணக்குக் கொடுத்தார்கள். மூன்று எண்களை வாங்கிக்கொண்டு, அவற்றைப் பக்கங்களாகக் கொண்ட முக்கோணம் எந்த வகை என்று சொல்லும் புரோகிராம்; அதைச் சோதிக்க என்னென்ன எண்கள் கொடுப்பாய்? எல்லோரும் 3, 4, 5 கொடுத்தோம். 5, 5, 5 கொடுத்தோம். 1, 2, 3 கொடுத்தால் முக்கோணமே நிற்காது என்பது சிலருக்குத்தான் தோன்றியது. சுழியம், குறை எண், எண்ணுக்குப் பதில் எழுத்து, மூன்றுக்குப் பதில் இரண்டு என்று பட்டியல் நீண்டுகொண்டே போனது. மையர்ஸின் கட்சி எளிமையானது: சரியாக இருக்கிறது என்று காட்டுவதற்காகச் சோதிக்கிறவருக்குப் பிழை அகப்படாது, இருக்கிறது என்று நினைத்துத் தேடுகிறவருக்குத்தான் அகப்படும்.

பிழை பெரும்பாலும் எல்லையில்தான் குடியிருக்கும். 60 வயது நிறைந்தவருக்கு உதவித்தொகை என்றால், 45 வயதுக்காரரையும் 75 வயதுக்காரரையும் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். நேற்று 60 நிறைந்தவர், இன்று நிறைகிறவர், நாளை நிறையப்போகிறவர் என்று மூவரைப் பிடிக்க வேண்டும். பிறகு பிப்ரவரி 29-இல் பிறந்தவர். பிறகு 1970-க்கு முன் பிறந்தவர். யூனிக்ஸ் வழிவந்த அமைப்புகளில் காலம் 1970 ஜனவரி 1-இலிருந்து எண்ணப்படுவதால், அதற்கு முந்தைய தேதிகள் குறை எண்ணாகிச் சில புரோகிராம்களைக் குழப்பிவிடும். முதியோர் திட்டத்தில் அத்தனை பேரும் 1970-க்கு முன் பிறந்தவர்கள்.

அப்படி ஒரு திட்டத்தில்தான் கேலண்டர் விவகாரம் வந்தது. பிறந்த தேதியைத் தட்ட முடியாது. கட்டத்தைத் தொட்டால் நடப்பு மாதத்தின் கேலண்டர் விரியும். இடப்பக்க அம்பை அழுத்தி மாதம் மாதமாகப் பின்னால் போக வேண்டும். அது 2022. 1952-இல் பிறந்தவர் 70 ஆண்டு பின்னால் போக அம்பை 840 முறை அழுத்த வேண்டும். பிழை என்று பதிந்தேன். 'வடிவமைப்பின்படி உள்ளது' என்று எழுதி மூடிவிட்டு, அதைச் செய்த இளைஞர் என் மேசைக்கே வந்தார்.

"அக்கா, ரெக்வயர்மென்ட்ல கேலண்டர் வேணும்னுதானே இருக்கு? கேலண்டர் வருது, தேதி சேவ் ஆகுது. அப்புறம் எதுக்குக்கா ஃபெயில்?"

"உங்க தாத்தா இருக்காராப்பா?"

"ஊர்ல இருக்காரு."

"அவருக்கு இதுல ஒரு அப்ளிகேஷன் போட்டுக் காட்டு. நான் பாஸ் போட்டுடறேன்."

தாத்தா பிறந்தது 1944. தொண்ணூறுகளைத் தொடுவதற்குள் பேரன் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டார். மறுநாள் வந்த புதிய பதிப்பில் ஆண்டைத் தட்டுவதற்குக் கட்டம் இருந்தது.

ஆனால் அந்தப் பிழைக்கு நான் 'கிரிட்டிகல்' என்று கொடுத்த தரத்தை மேலிடம் 'காஸ்மெடிக்' என்று மாற்றியிருந்தது. இது எல்லா இடத்திலும் உள்ள வழக்கம்தான். செயல்பாட்டுச் சோதனைக்கு ஒரு குழு, ஒரு பட்ஜெட், ஒரு அட்டவணை. பயன்படுத்த எளிதாக இருக்கிறதா என்று பார்க்கும் யூசபிலிட்டிக்கு வேறொரு குழு. அதுவும் தளம் திறப்பதற்கு முந்தைய வாரம் வந்து நிறம், எழுத்தளவு பற்றிச் சொல்லிவிட்டுப் போகும். வேலை தாமதமானால் முதலில் வெட்டுவது அந்த வாரத்தைத்தான். யூசபிலிட்டி என்றால் என்ன என்று 1998-இல் வெளிவந்த ஐஎஸ்ஓ 9241-11 தரம் சொல்லும் இலக்கணத்தில் மூன்று அளவுகோல்கள் உண்டு. எடுத்த வேலை முடிகிறதா, எவ்வளவு பாடுபட்டு முடிகிறது, முடித்தவருக்குத் திருப்தியா. முதல் அளவுகோலே வேலை முடிகிறதா என்பது. அப்படியிருக்க இரண்டையும் பிரித்து இரண்டு மேசையில் வைத்தது நிர்வாக வசதிக்காகத்தான் என்பது என் கருத்து. பயனருக்கு இரண்டும் ஒரே பிழை.

இதற்கு என்னிடம் இருக்கும் சாட்சி ஸ்காட்லாந்தின் டால்மெலிங்டன் அஞ்சலகம். பிரிட்டிஷ் அஞ்சலகங்களில் ஃபுஜிட்சு நிறுவனத்தின் ஹொரைசன் என்ற கணக்கு அமைப்பு ஓடியது. 2015 அக்டோபரில் டால்மெலிங்டனில் இருந்தவர் 8,000 பவுண்டைத் தன் கிளையிலிருந்து இன்னொரு சேவை மையத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தார். பணம் வந்து சேர்ந்ததை உறுதி செய்யும் திரை என்டர் அழுத்தியும் நகரவில்லை. யாராக இருந்தாலும் என்ன செய்வார்கள்? மறுபடி அழுத்துவார்கள். அவரும் அழுத்தினார். நகராத திரைக்குப் பின்னால் ஒவ்வோர் அழுத்தலும் ஒரு புதிய 8,000-ஆகப் பதிவானது. நான்கு பதிவில் ஒன்றுதான் உண்மை, கடைசியில் கணக்கில் 24,000 பவுண்ட் வித்தியாசம். ஃபுஜிட்சு தேடிப் பார்த்தபோது அதற்கு முந்தைய 5 ஆண்டுகளில் இதே கோளாறு வேறு கிளைகளிலும் நூறு முறைக்கு மேல் வந்திருந்தது.

இதை எந்த மேசைக்கு அனுப்புவது? திரை உறைந்து நின்றதும் 'பதிவாகிவிட்டது' என்று சொல்லாததும் யூசபிலிட்டி. ஒரே ரசீதை நான்கு முறை ஏற்றுக்கொண்டது செயல்பாடு. பிரித்துப் பார்த்தால் இரண்டுமே சின்னப் பிழையாகத் தோன்றும். ஹொரைசனின் மற்றக் கோளாறுகள் இன்னும் கொடுமையான இடத்தில் போய் முடிந்தன. கணக்கு குறைகிறது, திருடியிருக்கிறாய் என்று 1999-க்கும் 2015-க்கும் இடையில் 900-க்கு மேற்பட்ட அஞ்சலகப் பொறுப்பாளர்கள் தண்டனை பெற்றார்கள். ஹொரைசனில் பிழைகள் இருந்தன என்று லண்டன் உயர் நீதிமன்றம் 2019 டிசம்பரில் சொன்னது. தண்டனைகளை ஒட்டுமொத்தமாக நீக்க 2024-இல் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது.

நம் ஊரில் அந்த என்டர் விசையின் இடத்தில் 'பே நவ்' பட்டன் இருக்கிறது. சக்கரம் சுற்றுகிறது, ஒன்றும் நடக்கவில்லை, மறுபடி அழுத்து. பணம் கட்டும் தளம் எது வந்தாலும் நாங்கள் போனை எடுத்துக்கொண்டு லிஃப்டுக்குள் போவோம். கதவு மூடும் நேரத்தில் பட்டனை அழுத்தினால் கோரிக்கை வெளியே போய்விடும், பதில் உள்ளே வராது. ஆய்வகத்தில் செலவழித்து உண்டாக்கும் சூழ்நிலையை லிஃப்ட் சும்மா தருகிறது. வெளியே வந்ததும் மறுபடி அழுத்துவோம். பட்டனை ஒரு முறைக்குப் பிறகு செயலிழக்கச் செய்தால் போதும் என்பார்கள், போதாது. பக்கத்தைப் புதுப்பித்துவிட்டு அழுத்துகிறவரும் உண்டு. ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் ஒரு தனி எண் கொடுத்து, அதே எண் மறுபடி வந்தால் சர்வர் ஏற்கக்கூடாது. யுபிஐ வழியாகக் கடைக்குக் கட்டிய பணம் கணக்கிலிருந்து போய், கடைக்கு உறுதிச் செய்தி சேராவிட்டால் 5 நாளுக்குள் திருப்ப வேண்டும், தவறினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்று ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் விதி செய்தது. ஐந்து நாளில் வரும் பணத்துக்காக அன்று மாலை மருந்துக்கடையில் நிற்கிறவர் என்ன செய்வார் என்பது எங்கள் டெஸ்ட் கேஸில் இல்லை. இருக்க வேண்டும்.

டெவலப்பர்களிடம் நான் அதிகம் கேட்ட பதில், 'என் மெஷின்ல வரலையே'. பொய் சொல்கிறார்கள் என்று நான் நினைப்பதில்லை. அவர் மெஷினில் உண்மையிலேயே வராது. தெராக்-25 என்ற புற்றுநோய்க் கதிர்வீச்சு இயந்திரத்தின் கதையைப் புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் சொல்வது இதற்காகத்தான். 1985-க்கும் 1987-க்கும் இடையில் அமெரிக்காவிலும் கனடாவிலும் அந்த இயந்திரம் 6 பேருக்கு அளவுக்கு மீறிய கதிர்வீச்சைக் கொடுத்தது, சிலர் இறந்தார்கள். 1986 மார்ச்சில் டெக்சாஸ் மாநிலத்தின் டைலர் நகரில் இயக்குநர் எக்ஸ் கதிர் என்று தவறாகத் தட்டிவிட்டு, உடனே மேலே போய் எலக்ட்ரான் என்று திருத்தி, மளமளவென்று ரிட்டர்ன் விசையை அழுத்தி முடித்தார். 'மால்ஃபங்ஷன் 54' என்று வந்தது. பொறியாளர்கள் வந்து பார்த்தார்கள். அவர்களுக்கு அது வரவில்லை. இயந்திரம் மறுபடி வேலைக்குப் போனது. அடுத்த மாதமே இன்னொருவர் அடிபட்டார். அதன் பிறகு அந்த மருத்துவமனையின் இயற்பியலாளர் ஃபிரிட்ஸ் ஹேகர் இயக்குநரையே பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, அவர் தட்டுகிற மாதிரியே தட்டித் தட்டிப் பிழையைப் பிடித்தார். காரணம் வேகம். காந்தங்கள் தம் இடத்துக்கு வர 8 வினாடி ஆகும். அதற்குள் திருத்தினால் திருத்தம் திரையில் தெரியும், இயந்திரத்துக்குப் போய்ச் சேராது. நிதானமாக, கையேட்டைப் பார்த்துச் சோதித்தவர்களுக்கு அந்தப் பிழை கடைசி வரை வந்திருக்காது. தினமும் அதே வேலையைச் செய்து கை பழகியவருக்குத்தான் வந்தது.

கை பழகியவர்களைப் பார்க்க வேண்டுமென்றால் மாவட்டத்துச் சிற்றூர்களில் உள்ள பிரவுசிங் சென்டருக்குப் போக வேண்டும். குடிமக்களுக்கான தளம் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருப்பார்கள். பாதிக் குடிமக்கள் அந்தத் தளத்தைக் கண்ணால்கூடப் பார்ப்பதில்லை. மேசைக்கு இந்தப் பக்கம் உறைக்குள் சான்றிதழ்களை வைத்துக்கொண்டு அவர்கள் நிற்பார்கள். அந்தப் பக்கம் ஒரு தம்பியோ தங்கையோ தட்டிக்கொண்டிருப்பார். நான் விடாமல் போய் உட்கார்ந்த சென்டர் ஒன்றில் தட்டுகிற பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். மவுஸைத் தொடவே மாட்டாள். டேப் விசை, அம்பு விசை, என்டர். ஒரு கட்டத்தில் டேப் வரிசை தவறினால் நாக்கைத் தட்டுவாள். அந்தச் சத்தத்தை வைத்தே நான் பிழை குறித்துக்கொள்வேன். மாவட்டத்தைத் தேர்ந்தால் வட்டங்களின் பட்டியல் வர இரண்டு மூன்று வினாடி ஆகும் என்று அவளுக்குத் தெரியும். அந்த இடைவெளியில் எதிரே நிற்பவரிடம் அடுத்த கேள்வியைக் கேட்டுவிடுவாள். அவசரப்பட்டால் பட்டியல் காலியாகவே நின்றுவிடும் என்பதும் தெரியும். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை.

படம் 200 கேபிக்குள் இருக்க வேண்டும் என்று தளம் கேட்டது. போனில் எடுத்த படம் 4 எம்பி. குறைப்பதற்கு அவள் எந்த மென்பொருளையும் திறக்கவில்லை. தன்னுடைய இன்னொரு எண்ணுக்கு வாட்ஸ்ஆப்பில் அனுப்பி, அங்கிருந்து இறக்கிக்கொண்டாள். வாட்ஸ்ஆப் தானாகவே சுருக்கிக் கொடுத்துவிடும். சர்வரில் நாலு வரி எழுதிச் செய்ய வேண்டிய வேலையை, அடுத்தவர்களின் சான்றிதழ்களைத் தன் சொந்த போன் வழியாக அனுப்பிச் செய்துகொண்டிருந்தாள். இது பாதுகாப்புச் சோதனைக் குழுவின் அறிக்கையில் வந்திருக்க வேண்டிய விஷயம். அவர்கள் சர்வரைப் பார்த்தார்கள், சென்டரைப் பார்க்கவில்லை.

ஓடிபி இன்னொரு கதை. போன் இல்லாத பாட்டிக்குத் தன் எண்ணையே போட்டுவிடுவாள். இரண்டாவது பாட்டிக்கு அதே எண்ணைப் போட்டால் 'இந்த எண் ஏற்கனவே பதிவாகியுள்ளது'. ஒரு எண்ணுக்கு ஒரு ஆள் என்பது கூட்டத்தில் எல்லோரும் தலையசைத்து ஏற்ற விதி. செயல்பாட்டுச் சோதனையில் பச்சை விழுந்த விதி. அந்த மேசையில் அது ஒரு கிழவியைத் திருப்பி அனுப்பியது. "நாளைக்கு யாராச்சும் போன் வச்சிருக்கவங்களக் கூட்டிட்டு வாங்க பாட்டி" என்றாள். பாட்டி, "சரி கண்ணு" என்று சொல்லிவிட்டு உறையை மடித்துக்கொண்டார். கோபமே வரவில்லை அவருக்கு.

கோபம் வராததுதான் எங்கள் தொழிலுக்குப் பெரிய இடைஞ்சல். ஆளைத் திரைமுன் உட்கார வைத்து, மனத்தில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லச் சொல்வது மேலைநாட்டில் வளர்ந்த முறை. நம்மிடம் அது பலிப்பதில்லை. தேடித் தேடிப் பட்டன் கிடைக்காமல் திணறியவரிடம் எப்படி இருந்தது என்று கேட்டால், "நல்லாத்தாம்மா இருக்கு, எனக்குத்தான் படிப்பு இல்ல" என்பார். செய்தவர் மனம் நோகக்கூடாது என்ற மரியாதை. மும்பையில் பணியாற்றிய அபாலா லாஹிரி சவான் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். அதற்கு 'பாலிவுட் முறை' என்றே பெயர். விமான டிக்கெட் தளத்தைச் சோதிக்க, 'ஒரு டிக்கெட் எடுங்கள்' என்று சொல்லமாட்டார். உங்கள் அண்ணன் மகளுக்குக் கல்யாணம் நடக்கப்போகிறது, மாப்பிள்ளை நிழலுலக அடியாள், ஏற்கனவே கல்யாணம் ஆனவன், அவனுடைய மனைவியை அழைத்துக்கொண்டு உடனே பெங்களூருக்குப் போய் நிறுத்த வேண்டும், எடுங்கள் டிக்கெட்டை! கதைக்குள் இறங்கிய பிறகு மரியாதை பறந்துவிடும். தளத்தைத் திட்டித் தீர்ப்பார்கள்.

எனக்கு அவ்வளவு நாடகம் வராது. ஜோடியாக உட்கார வைப்பேன்: அம்மாவும் மகளும், அல்லது மாமியாரும் மருமகளும். என்னிடம் சொல்லக் கூச்சப்படுவதை ஒருவருக்கொருவர் தாராளமாகச் சொல்லிக்கொள்வார்கள். "அத்தை, அதை அமுக்காதீங்க, எல்லாம் அழிஞ்சிடும்." "அழிஞ்சா அழியட்டும், இவ்வளவு கேள்வி எதுக்குக் கேக்கறான்?" நான் எழுதிக்கொண்டே இருப்பேன். ஐந்து பேரைச் சோதித்தாலே பெரும்பாலான குறைகள் வெளியே வந்துவிடும் என்று ஜேக்கப் நீல்சன் 2000-இல் எழுதியது பிரபலம். பயனர்கள் எல்லோரும் ஒரே மாதிரி ஆட்களாக இருந்தால்தான் அந்தக் கணக்கு சரி என்பதை நிறுவனங்கள் மறந்துவிடுகின்றன. அலுவலகக் கேன்டீனில் ஐந்து பேரைப் பிடித்து யூசபிலிட்டி முடிந்தது என்று அறிக்கை எழுதியவர்களை எனக்குத் தெரியும்.

பார்வையற்றவர்களோடு உட்கார்ந்து சோதித்தால் இந்த அறிக்கைகளெல்லாம் காற்றில் போய்விடும். 2006-இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய என்விடிஏ என்ற திரைவாசிப்பான் இலவசம், தமிழும் வாசிக்கும். கண் தெரிந்தவர்களும் மானிட்டரை அணைத்துவிட்டு அதை வைத்து ஒரு படிவத்தை நிரப்பிப் பார்க்கலாம். 'பட்டன்... பட்டன்... பட்டன்...' என்று மட்டும் வாசிக்கும். எது சமர்ப்பிப்பது, எது அழிப்பது என்று தெரியாது, ஏனென்றால் படமாகப் போட்ட பட்டனுக்கு யாரும் பெயர் வைக்கவில்லை. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய அறிவிப்பு வந்தால் இன்னும் மோசம். பார்க்கத் தமிழ், உள்ளே சம்பந்தமில்லாத ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும். திரைவாசிப்பான் உள்ளே இருப்பதைத்தான் வாசிக்கும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இலேயே வந்துவிட்டது. இந்திய அரசுத் தளங்களுக்கான வழிகாட்டு நெறிகள் முதலில் 2009-இல் வந்தன. அடையாளச் சரிபார்ப்புக்குக் கேமரா முன் கண் சிமிட்டச் சொல்வதால் அமிலத் தாக்குதலுக்கு ஆளானவர்களும் பார்வையற்றவர்களும் வெளியே நிறுத்தப்படுகிறார்கள் என்ற வழக்கில், டிஜிட்டல் சேவையை அடைவது அரசியல் சாசனத்தின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30 அன்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பின் சுருக்கத்தை எங்கள் சுவரில் ஒட்டியிருக்கிறேன். 'காஸ்மெடிக்' என்று யாராவது சொன்னால் விரலைக் காட்டுவேன்.

எத்தனை பேர் ஒரே நேரத்தில் வந்தால் தளம் தாங்கும் என்ற சுமைச் சோதனையைத் தனி விஞ்ஞானமாகச் சொல்வார்கள். அங்கும் கதை அதேதான். அமெரிக்க அரசின் ஹெல்த்கேர்.கவ் தளம் 2013 அக்டோபர் 1 அன்று திறந்தது. முதல் நாளில் லட்சக்கணக்கானவர்கள் வந்தார்கள். காப்பீடு எடுத்து முடித்தவர்கள் 6 பேர். சர்வர் போதாதது உண்மை. ஆனால் என்னென்ன காப்பீடு இருக்கிறது என்று எட்டிப் பார்ப்பதற்குக்கூட முதலில் கணக்குத் தொடங்க வேண்டும் என்று அமைத்திருந்தார்கள். சும்மா விலை கேட்க வந்தவர்களும் பதிவு வாசலில் போய் முட்டினார்கள். வாசலை எங்கே வைப்பது என்ற தீர்மானம் சுமையாகத் திரும்பி வந்தது.

இப்போது கருவிகள் பெருகிவிட்டன. 2004-இல் வந்த செலினியம், கையால் செய்த சோதனைகளை இரவோடு இரவாக ஓட்டிவிடும். இன்று செயற்கை நுண்ணறிவு டெஸ்ட் கேஸையே எழுதிக் கொடுக்கிறது. எனக்கு மகிழ்ச்சிதான். தட்டியதையே தட்டும் சலிப்பிலிருந்து எங்களை விடுவித்த கருவியைக் குறை சொல்லமாட்டேன். அவற்றுக்கு நாக்கைத் தட்டும் சத்தம் கேட்காது, அவ்வளவுதான். மிச்சமாகும் நேரத்தில் ஆளை வேலையைவிட்டு அனுப்பாமல் பிரவுசிங் சென்டருக்கு அனுப்புங்கள் என்று நான் இன்றுவரை ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்டு வருகிறேன்.

உங்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். அடுத்த முறை ஒரு தளம் உங்களைத் திருப்பி அனுப்பினால், புகார்ப் பெட்டியில் 'வெப்சைட் வேலை செய்யவில்லை' என்று மட்டும் எழுதாதீர்கள்; அந்த வரி எங்கள் கைக்கு வந்தாலும் அதை வைத்து எங்களால் ஒன்றும் செய்ய முடியாது. நாள், நேரம், போனா கணினியா, எந்தக் கட்டத்தில் என்ன தட்டினீர்கள், எதை அழுத்தினீர்கள், என்ன வந்தது என்று வரிசையாக எழுதுங்கள். திரையைப் படம்பிடித்து, ஆதார் எண்ணை மறைத்துவிட்டு இணையுங்கள். பொறுமையில்லாமல் இரண்டு மூன்று முறை அழுத்தியிருந்தால் கூச்சப்படாமல் அதையும் எழுதுங்கள். நாங்கள் முதலில் படிப்பது அந்த வரியைத்தான்.